கோவை–சிங்கப்பூர்: ‘4 மணி 15 நிமிடம்’ என்ற ஒற்றை வரி மலைவாசிகளுக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து ஆசிய நகரங்களுக்கு உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் தங்கள் நாளிதழின் பயணப் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக வெளியிடுகிறீர்கள். சிங்கப்பூர் 3,160 கி.மீ., 4 மணி 15 நிமிடம். சார்ஜா 2,770 கி.மீ., 3 மணி 50 நிமிடம். எண்களில் பிழை இல்லை. ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊட்டியிலோ கோத்தகிரியிலோ வண்டி ஏறுகிறவர் விமானத்தைத் தவறவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. குன்னூரில் பயணச்சீட்டு எடுத்துத் தரும் தொழிலில் இருக்கும் நாங்கள், அந்தப் பெட்டியில் நேரத்தைப் போகவும் வரவும் தனித்தனியாக, இரு ஊர்க் கடிகாரப்படியும் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மலை மாவட்டப் பதிப்பிலாவது மலைப்பாதைக்கான நேரத்தையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். காரணங்களைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் தூரம். 3,160 கி.மீ. என்பது பூமிப் பந்தின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நூல் பிடித்தால் வரும் மிகக் குறுகிய அளவு. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கிக்கும் நடுவே உள்ள வில் 28.45 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் என்றால் 1,707 கடல் மைல். அதை 1.852 ஆல் பெருக்கினால் 3,161 கி.மீ. அந்த நூல் கோவையிலிருந்து கிழக்கே சற்றுத் தெற்கு சாய்ந்து போய், அதிராம்பட்டினம் அருகே கரையைக் கடக்கிறது. பிறகு யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைக்குச் சற்று வடக்காக வங்கக் கடலுக்குள் நுழைந்து, சுமத்ராவின் வடபகுதியான ஆச்சேயைக் குறுக்கே வெட்டி, மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூரைத் தொடுகிறது. விமானம் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை. வான்வழிகள் குறித்த புள்ளிகள் வழியாகப் போகின்றன; ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்பப் புறப்படும்போதும் இறங்கும்போதும் சுற்ற வேண்டும்; வங்கக் கடலில் இடிமேகம் திரண்டால் விலகிப் போக வேண்டும். அதனால் பறக்கும் தூரம் அச்சிட்ட தூரத்தைவிட எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான். இது பயணியைப் பெரிதாகப் பாதிக்காது. தூரப் பத்தியை அப்படியே விட்டுவிடலாம்.

நேரத்தில்தான் சிக்கல். கோவையிலிருந்து இந்தத் தூரங்களுக்குப் பறக்கும் உள்ளே இருக்கைகளுக்கு நடுவே ஒரே நடைவழி உள்ள ஜெட் விமானம், காற்று அசையாத நாளில், மேலே ஏறி நிலைத்த பிறகு மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 3,160 கி.மீ.க்கு 3 மணி 48 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. கோவையில் நிறுத்தத்திலிருந்து ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். சாங்கியில் இறங்கிய பின் வாயிலுக்கு வர 10 முதல் 15 நிமிடம் பிடிக்கலாம். இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி. ஆக 4 மணி 18 நிமிடம். விமான நிறுவனத்தின் கால அட்டவணையில் இருப்பது, சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து அடுத்த ஊரில் சக்கரக் கட்டை வைப்பது வரையான இந்த நேரம்தான். அதிலும் சில நிமிடங்களைக் கையிருப்பாகச் சேர்த்தே போடுவார்கள். சில நாள் விமானம் ‘சீக்கிரமே வந்துவிட்டது’ என்று அறிவிப்பது அதனால்தான். எந்த ஊருக்கும் வாசகர் தாமே மதிப்பிட இது போதும்: கி.மீ. தூரத்தை 830 ஆல் வகுத்து, அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். சார்ஜாவுக்கு 2,770 ஐ வகுத்தால் 3 மணி 20 நிமிடம். அரை மணி கூட்ட 3 மணி 50 நிமிடம்.

அடுத்தது காற்று. கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்று பொதுவாக எழுதுவார்கள். டெல்லியிலிருந்து டோக்கியோவுக்கு அது சரி. அந்த வடக்கு அட்சரேகைகளில் மேலைக்காற்று வலுவாக வீசுவதால், டோக்கியோவிலிருந்து திரும்பி வர ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே கூடுதலாகப் பிடிக்கும். நம் தலைக்கு மேலே கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தரையில் காற்று மேற்கிலிருந்து அடித்தாலும், தென்னிந்தியாவின் மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதை விளக்கி எழுதினார். வெப்பமண்டலக் கீழை ஜெட் காற்று என்று பாடநூல்களில் இருப்பது இதுதான். அதன் மையம் விமானங்கள் பறப்பதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் விமானம் பறக்கும் உயரத்திலும் அதன் வேகம் உறைக்கும்.

அது 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கி.மீ. வேகத்தில் வழி முழுக்க எதிரே வீசினால், கோவை–சிங்கப்பூர் நடுப்பயணம் 3 மணி 48 நிமிடத்திலிருந்து 4 மணி 17 நிமிடம் ஆகிவிடும். திரும்பி வருகையில் அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் 3 மணி 25 நிமிடம். எதிர்க்காற்றில் 29 நிமிடம் போகிறது, பின்காற்றில் 23 நிமிடம்தான் கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் கிடக்கிறது. இரண்டும் சமமாகக் கழிந்துபோவதில்லை. ஆகவே ஆடி, ஆவணியில் சிங்கப்பூருக்குப் போவதுதான் நீளம், வருவது குறைவு. டெல்லியை வைத்து எழுதிய விதியை நமக்குப் பொருத்தினால் தலைகீழாகிவிடும். சார்ஜா வழியில் வேறு மாதிரி: டிசம்பர் முதல் மார்ச் வரை வளைகுடாப் பக்கம் மேலைக்காற்று பலமாக இருக்கும், அந்த மாதங்களில் போகும் பயணத்தின் கடைசிப் பகுதி இழுக்கும், வருவது வேகமாக இருக்கும். ஒரே எண்ணை இரு திசைக்கும் ஆண்டு முழுக்கவும் போடக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

இனி கடிகாரம். பயணச்சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரப்படியும் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே. கோவையில் இரவு 10 மணிக்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் பறந்தால் நம் நேரம் அதிகாலை 2.20, அங்கே 4.50. சீட்டில் 10.00 – 4.50 என்று பார்ப்பவர் ஏழு மணி நேரப் பயணம் என்று நினைத்துக்கொள்கிறார். திரும்பும்போது அங்கே இரவு 7 மணிக்குக் கிளம்பினால் இங்கே இரவு 8.50க்கு வந்துவிடும், சீட்டைப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லை. அழைத்துப் போக வருகிற உறவினர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அங்கே விமானம் ஏறுவதற்கு முன் தொலைபேசியில் ‘ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்’ என்று சொன்னால், அது எந்த ஊர் ஏழு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சார்ஜாவும் அபுதாபியும் துபாயும் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே. கொழும்புக்கு வித்தியாசமே இல்லை. கோலாலம்பூருக்குச் சிங்கப்பூர்க் கணக்குதான். பெரியவர்கள் சிலர் சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி என்று இன்னமும் சொல்வார்கள். 1981 முடியும்வரை அது சரி. மலேசியாவும் சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இரண்டரை மணி.

இதைவிடப் பெரிய பள்ளம் நள்ளிரவு. வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் பலவும் நள்ளிரவை ஒட்டியே புறப்படுகின்றன. சீட்டில் ‘15ஆம் தேதி 00.30’ என்று இருந்தால், விமானம் 14ஆம் தேதி இரவு 12 மணி தாண்டி அரை மணியில் கிளம்புகிறது. 15ஆம் தேதி சாயங்காலம் மூட்டை கட்டுகிறவருக்கு விமானம் போய் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். மலையில் இருப்பவர் இந்தச் சீட்டுக்கு 14ஆம் தேதி மாலை 6 மணிக்கே குன்னூரை விட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். நாங்கள் சீட்டு அச்செடுத்துக் கொடுக்கும்போது, வீட்டை விட்டு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை மேலே பேனாவால் எழுதியே கொடுக்கிறோம். பத்திரிகைப் பெட்டியிலும் நள்ளிரவு விமானங்களுக்கு ‘முந்தின நாள் இரவு’ என்று மூன்று சொல் சேர்த்தால் பெரிய உதவி.

இப்போது மலைப்பாதை. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 52 கி.மீ.; கோத்தகிரி வழியாகப் போனால் ஏறக்குறைய 10 கி.மீ. கூடுதல். மேட்டுப்பாளையத்திலிருந்து விமான நிலையம் 40 முதல் 45 கி.மீ. தூரத்தைப் பார்த்தால் ஊட்டியிலிருந்து சுமார் 95, குன்னூரிலிருந்து 75–80தான். ஆனால் சாதாரண நாளில் காரில் குன்னூரிலிருந்து இரண்டரை மணி, ஊட்டியிலிருந்து மூன்றரை மணி என்று வைப்பதே பாதுகாப்பு. இதற்கு மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு வேண்டும். சீசனிலும், தொடர் விடுமுறையிலும், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலும் இரண்டு மணி நேரம். சுற்றுலா வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவது ஞாயிறு மூன்று மணிக்குப் பிறகுதான். பர்லியாறு வளைவுகளில் ஒரு பேருந்து பழுதாகி நின்றாலே பின்னால் வரிசை கட்டிவிடும். கோடை சீசனில் காவல்துறை ஒருவழிப் போக்குவரத்து அமல்படுத்தினால், ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி. குன்னூர்க்காரருக்கு அப்போது கோத்தகிரி சுற்றிப் போக வேண்டியிருக்கும். கிளம்புகிற அன்று காலையிலேயே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேட்டுப்பாளையம் நகருக்குள் நெரிசல் தவிர்க்க முடியாதது. அதைத் தாண்டிய பின் இரண்டு வழி. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் வந்து அங்கிருந்து சரவணம்பட்டி பக்கம் திரும்புவது ஒன்று. அன்னூர் போய், கோவில்பாளையம், சரவணம்பட்டி, காளப்பட்டி வழியாக வருவது மற்றொன்று. இரண்டாவது சில கி.மீ. கூடும். ஆனால் மாலை 5 மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் சாலையில் நிற்பதைவிட அதுவே மேல் என்பது எங்கள் கருத்து. அரசுப் பேருந்தில் வருகிறவர்கள் கோவை மேட்டுப்பாளையம் சாலை பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து பீளமேடு தாண்டிப் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மணி நேரம். மலை ரயிலை விமானத்துக்கு நம்பவே வேண்டாம்: 46 கி.மீ. இறங்க மூன்றரை மணி நேரம், மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் ரத்து.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மலை எப்படிச் சரிந்தது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், ஒரு மரம் சாய்ந்தாலே ஒரு மணி, இரண்டு மணி போக்குவரத்து நிற்கும். இரண்டு நாளாகக் கனமழை என்றால், முந்தின நாளே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்கிவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். தங்கும் அறை வாடகை, தவறிய சீட்டின் விலையில் சிறு பங்குதான். இரு பாதையும் அடைபட்டால் மஞ்சூர், கெத்தை, காரமடை வழி இருக்கிறது என்பார்கள். குறுகலான, காட்டுக்குள் போகிற சாலை. இருட்டிய பிறகு அதில் இறங்கக் கூடாது.

யானைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். பலா பழுக்கும் மாதங்களில் பர்லியாறு, கல்லாறு பகுதியிலும் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனையிலும் அவை சாலைக்கு வரும். வழிவிடும்வரை விளக்கைத் தணித்து, ஹாரன் அடிக்காமல் பொறுமையாக நிற்பதுதான் முறை. அதற்கு அரை மணி ஆனாலும் சரி. அவசரத்தில் யாரும் ஓரமாக நுழையக் கூடாது.

வண்டியைப் பற்றி ஒன்று. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், டி.என். 43 பதிவுள்ள நம் மாவட்ட வண்டிகளுக்கு விலக்கு. கோவையிலிருந்து செயலி வழியே டாக்ஸி வரவழைத்தால், மேலே ஏறுவதற்கு அந்த ஓட்டுநரிடம் இ-பாஸ் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்க வேண்டும். சோதனைச் சாவடியில் அவர் நிற்க, இங்கே நீங்கள் பெட்டியோடு நிற்பதாகக் கூடாது. இரவில் திரும்பி வரும்போதும் மலைப்பாதை பழகிய உள்ளூர் ஓட்டுநரே நல்லது. பனிமூட்டத்தில் வளைவுகளை அவர்கள் அறிந்து ஓட்டுவார்கள்.

மேலே சொன்ன இரவு 10 மணி சிங்கப்பூர் விமானத்துக்கு முழுக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டுக் காட்டுகிறோம். செக்-இன் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே, 9 மணிக்கு மூடிவிடும். பெட்டி போட்டு, குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை முடிக்க மூன்று மணி நேரம் முன்பே, 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். சாலைக்கு இரண்டரை மணி, கையிருப்பு ஒரு மணி. குன்னூரில் பிற்பகல் 3.30க்கு வண்டி நகர வேண்டும், ஊட்டியில் 2.30க்கு. அங்கே 4.50க்கு இறங்கி, குடியேற்றமும் பெட்டியும் முடிந்து வெளியே வர 5.45. அது நம் கடிகாரத்தில் 3.15. குன்னூர் வீட்டு வாசலிலிருந்து சிங்கப்பூர் விமான நிலைய வாசல்வரை ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். பெட்டிச் செய்தி சொல்லும் நாலேகால் மணி அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல்தான். சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மலையில் சிக்னல் இருக்கும்போதே முடித்துவிட்டால் கவுன்டரில் அலைய வேண்டாம்.

காது அடைப்பைப் பற்றி முதியவர்கள் கேட்பதுண்டு. கோவை விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தை 8,000 அடி, அதாவது 2,440 மீட்டர் உயரத்துக்கு ஈடான அளவுக்குக் கீழே குறையாமல் வைத்திருப்பார்கள். ஆகவே ஊட்டிக்காரருக்கு விமானத்தின் உள்காற்று ஏறக்குறைய வீட்டுக் காற்றுதான். தொட்டபெட்டா உச்சி அதைவிட உயரம். காது வலி வருவது இறங்கும்போது. சளி பிடித்திருப்பவருக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கும்போதும், மறுபடி சாங்கியில் தரையிறங்கும்போதும் அடைக்கும். எச்சிலையோ தண்ணீரையோ அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு விமானம் தாழத் தொடங்கும்போது பால் கொடுக்க வேண்டும். விமானம் தாழ்கிற அந்த இருபது, முப்பது நிமிடம் யாரும் தூங்காமல் இருப்பது நல்லது, தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும்.

விலை குறைவு என்று கோவை–சென்னை ஒரு சீட்டும், சென்னை–சிங்கப்பூர் வேறு சீட்டுமாக எடுப்பவர்கள் உண்டு. ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனிச் சீட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்குப் போய், புதிதாகச் செக்-இன் செய்ய வேண்டும். நடுவே ஐந்து மணி நேரமாவது இல்லாமல் அப்படி எடுக்க வேண்டாம். முதல் சீட்டில் 15 கிலோவும் அடுத்ததில் 25 கிலோவும் என்று பெட்டி அளவு வேறுபட்டால், குறைந்ததற்கே கட்டுப்பட வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து வாசகர்களுக்குக் கோவைக் கணக்கு பொருந்தாது. வளைகுடா போவதாக இருந்தால் நாடுகாணி, நிலம்பூர் வழியே கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் அவர்களுக்கு அருகில். ஆனால் ஆடி மழையில் நாடுகாணிச் சரிவு கோவைப் பாதையைப் போலவே நம்ப முடியாதது. பெங்களூரு போய் ஏறுகிறவர்கள் முதுமலை, பந்திப்பூர் வழியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதிகாலை விமானத்துக்கு நள்ளிரவில் கூடலூரை விட்டுக் கிளம்பி அந்த வழியே போகவே முடியாது. முந்தின மாலை சோதனைச் சாவடி மூடுவதற்குள் கடந்தாக வேண்டும். அதற்கு மேல் மைசூரு, பெங்களூரு நகரம், நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளிவரை இன்னும் முப்பது, நாற்பது கி.மீ. அந்தப் பாதைக்கும் ஒரு பெட்டி வெளியிட்டால் சாவடி மூடும் நேரத்தை முதல் வரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பயணச்சீட்டு முகவர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.